ராத்திரி சைக்கிள் ஓட்டறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்: ரோட்ல நாம தெரியறோமா?

பல வருஷமா வேலை முடிச்சு ராத்திரிதான் சைக்கிள்ல வீடு திரும்பறேன். புதுசா ஓட்ட ஆரம்பிக்கறவங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்களை எல்லாம் ஒரே இடத்துல போட்டுடலாம்னு இதை எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

தெரு விளக்கு இருக்கு, எனக்கு ரோடு பளிச்சுனு தெரியுது. அப்புறம் எதுக்கு லைட்டு?

நமக்கு ரோடு தெரியறது வேற, ரோட்ல போறவங்களுக்கு நாம தெரியறது வேற. ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறதுலதான் பாதி பிரச்சனை ஆரம்பிக்குது. எதிர்ல வர்ற காரோட லைட்டு நம்ம கண்ணுல அடிக்குது, நாம அதை ஒரு கிலோமீட்டர் தூரத்துலயே பாத்துட்டோம், அதனால அவரும் நம்மள பாத்திருப்பார்னு மனசு தானா முடிவு பண்ணிடும். ஆனா அவர் பக்கத்துல இருந்து பாத்தா நாம ஒரு கறுப்பு நிழல், அவ்ளோதான்.

நம்பலைன்னா ஒரு தடவை இதை செஞ்சு பாருங்க. ஃப்ரெண்டோட கார்ல டிரைவர் சீட்ல உக்காந்து டிம் லைட் மட்டும் போட்டுட்டு, உங்க சைக்கிளை வழக்கமா நீங்க போடற டிரஸ்ஸோட இன்னொருத்தரை ஓட்டிட்டு எதிர்ல வரச் சொல்லுங்க, வண்டி ஓடாத காலி இடமா பாத்து. நான் அப்படி உக்காந்து பாத்தப்ப, ஃப்ரெண்டு வந்துட்டு இருந்தது எனக்கு முன்கூட்டியே தெரியும், எந்தப் பக்கம் வருவான்னு கூட தெரியும், அப்படியும் அவன் முகம் தெரியறதுக்கு முன்னாடி ஷூவோட வெள்ளை அடிப்பாகம்தான் மேல கீழ ஆடறது கண்ணுல பட்டுச்சு. அன்னிக்கு ராத்திரியே அடுத்த லைட்டு வாங்கிட்டேன்.

கணக்கா சொன்னா, 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கார் ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிடும். டிரைவர் பாத்து, புரிஞ்சு, பிரேக்ல கால் வெக்க ஒன்றரை செகண்டுன்னு வெச்சா 25 மீட்டர் அதுலயே போச்சு. அப்புறம் காஞ்ச ரோட்ல வண்டி நிக்க இன்னும் 20 மீட்டர். ஆக 45 மீட்டருக்கு முன்னாடியே நாம அவர் கண்ணுல பட்டாகணும், டிம் லைட்ல கறுப்பு டிரஸ் போட்ட ஆள் அந்த தூரத்துல பல சமயம் தெரியறதே இல்ல.

சைக்கிள் வாங்கும்போதே ரிஃப்ளெக்டர் போட்டுத்தான் குடுத்தாங்க. அது போதாதா?

வேணும், ஆனா அது மட்டும் போதாது. ரிஃப்ளெக்டருக்கு சொந்தமா வெளிச்சம் கிடையாது. அதுக்குள்ள கண்ணாடி மாதிரி மூணு முகம் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா சேர்ற மூலைங்க குட்டி குட்டியா நிறைய இருக்கும், எந்தப் பக்கத்துல இருந்து வெளிச்சம் வருதோ அதே பக்கத்துக்கு அதை திருப்பி அனுப்பறதுதான் அதோட வேலை. 1969ல நிலாவுல இறங்கினவங்க அங்க வெச்சுட்டு வந்த ரிஃப்ளெக்டர் கூட இதே தந்திரம்தான், பூமியில இருந்து லேசர் அடிச்சா அடிச்ச இடத்துக்கே திரும்பி வரும்.

இதுல இருந்தே அதோட குறையும் புரிஞ்சிடும். பின்னாடி நேரா வர்ற காருக்கு நல்லா வேலை செய்யும், ஏன்னா அதோட ஹெட்லைட் நம்ம மேலதான் விழுது. குறுக்கு சந்துல இருந்து மெயின் ரோட்டுக்கு ஏற நிக்கற கார் இருக்கே, அதோட ஹெட்லைட் அதுக்கு நேரா எதிர்ல இருக்கற சுவத்து மேல அடிச்சிட்டு இருக்கும், நம்ம மேல ஒரு துளி கூட படாது, நாம பத்து ரிஃப்ளெக்டர் மாட்டிட்டு வந்தாலும் அந்த டிரைவருக்கு நாம இல்லாத மாதிரிதான். அந்த இடத்துல நம்மள காப்பாத்தறது நம்ம சைக்கிள்ல எரியற லைட்டு ஒண்ணுதான். அதே மாதிரி ஸ்போக்ஸ்ல மாட்டற ரிஃப்ளெக்டர் பக்கவாட்டுல மட்டும்தான் தெரியும், அதுவும் கார் வெளிச்சம் நம்ம மேல விழற நேரத்துக்கு சில சமயம் நாம ஏற்கனவே அதோட முன்னாடி வந்திருப்போம்.

இன்னொண்ணு, ரிஃப்ளெக்டரை தொடைங்க. மட்கார்டுல இருக்கற சிவப்பு ரிஃப்ளெக்டர் மேல சேறு காஞ்சு ஒட்டிட்டு இருக்கறதை எத்தனையோ சைக்கிள்ல பாத்திருக்கேன்.

எத்தனை லூமன் லைட்டு வாங்கணும்?

எங்க ஓட்டறீங்கன்னு பொறுத்து. தெரு விளக்கு நல்லா இருக்கற ரோடுன்னா முன்னாடி 100 லூமன் பக்கம் இருந்தாலே மத்தவங்களுக்கு தெரிவீங்க. விளக்கே இல்லாத இருட்டு ரோட்ல குழி, கல்லு எல்லாம் பாத்து ஓட்டணும்னா 300ல இருந்து 600 வரைக்கும் வேணும். அதுக்கு மேல சாதாரண ரோட்டுக்கு அவசியம் இல்ல.

ஆனா லூமன் நம்பரை மட்டும் பாத்து வாங்காதீங்க. லூமன்கறது லைட்டுல இருந்து மொத்தமா எவ்ளோ வெளிச்சம் வெளிய வருதுங்கற கணக்கு, அது எங்க போய் விழுதுன்னு அது சொல்லாது. டார்ச் மாதிரி உருண்டையா அடிக்கற லைட்டுல பாதி வெளிச்சம் வானத்துக்கும் எதிர்ல வர்றவங்க கண்ணுக்கும் போயிடும். ஜெர்மனில சைக்கிள் லைட்டுக்குன்னே விதி இருக்கு, மேல்பக்கம் வெட்டின மாதிரி வெளிச்சம் ரோட்டு மேல மட்டும் விழணும், எதிர்ல வர்றவங்க கண்ணு கூசக் கூடாது. அந்த விதிப்படி செஞ்ச லைட்டு கிடைச்சா நம்பர் கம்மியா இருந்தாலும் யோசிக்காம வாங்குங்க, ரோடு அகலமா ஒரே சீரா தெரியும்.

எந்த லைட்டா இருந்தாலும் அதை சரியா சாய்ச்சு வெக்கறதுதான் முக்கியம். சைக்கிளை சுவத்துல இருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. ஹேண்டில்பார்ல லைட்டு தரையில இருந்து எவ்ளோ உயரமோ அதுல பாதி உயரத்துல சுவத்துல வெளிச்சத்தோட நடு விழணும். அப்படி வெச்சா ரோட்ல சுமார் 10 மீட்டர் முன்னாடி வெளிச்சத்தோட நடு விழும், மேல் ஓரம் இன்னும் தூரம் போகும். வேகமா போறவங்க ஒரு துளி மேல தூக்கிக்கலாம். நேரா கிடைமட்டமா வெச்சீங்கன்னா எதிர்ல வர்றவருக்கு கண்ணு கூசும், கண்ணு கூசின ஆள் நேரா நம்மள நோக்கித்தான் வந்துட்டு இருக்கார்.

மின்னற மாதிரி வெக்கறதா, நிலையா எரிய விடறதா?

மின்னற லைட்டு சட்டுனு கவனத்தை இழுக்கும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா மின்னிட்டே இருந்தா எவ்ளோ தூரத்துல இருக்கு, எவ்ளோ வேகமா வருதுன்னு பாக்கறவங்களுக்கு கணிக்கறது கஷ்டம். ஜெர்மனில சைக்கிள்ல மின்னற லைட்டுக்கு அனுமதியே இல்ல, வேற சில நாடுகள்ல ஓகே, உங்க ஊர் விதியை பாத்துக்கோங்க.

நான் செய்யறது, முன்னாடி எப்பவும் நிலையா எரியும். பின்னாடி ரெண்டு லைட்டு, ஒண்ணு நிலையா, விதி அனுமதிக்கற இடத்துல இன்னொண்ணு மெதுவா மின்னும். ரெண்டு வெக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. முன் லைட்டு அணைஞ்சா நமக்கு உடனே தெரிஞ்சிடும், பின் லைட்டு அணைஞ்சா வீட்டுக்குப் போய் இறங்கற வரைக்கும் தெரியாது.

பின் லைட்டை எங்க மாட்டறது?

சீட் போஸ்ட்ல, இல்ல கேரியரோட பின் ஓரத்துல. எங்க மாட்டினாலும் ஒரு தடவை சீட்ல உக்காந்துட்டு பின்னாடி யாரையாவது நிக்க வெச்சு லைட்டு தெரியுதான்னு கேளுங்க, பை மாட்டிட்டு, மழை நாள்னா ரெயின்கோட்டும் போட்டுட்டு.

இதை அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஒரு மழை ராத்திரி நீளமான ரெயின்கோட் போட்டுட்டு வந்துட்டு இருந்தேன், லைட்டு ரெண்டும் எரியுதுன்னு கிளம்பும்போதே பாத்துட்டேன், தைரியமா ஓட்டிட்டு இருந்தேன். திடீர்னு பின்னாடி டயர் கிறீச்சுனு தேயற சத்தம், ஒரு லாரி என்னை உரசற மாதிரி வந்து ஒதுங்கிப் போச்சு. காலு ரெண்டும் நடுங்கிப் போய் ஓரமா இறங்கி பாக்கறேன், ரெயின்கோட்டோட பின் வால் கேரியர் மேல விழுந்து டெயில் லைட்டை முழுசா மூடியிருக்கு, துணியை தூக்கினா உள்ள பாவம் அது சிவப்பா எரிஞ்சிட்டே இருக்கு. அந்த டிரைவர் மேல ஒரு தப்பும் இல்ல. அன்னியில இருந்து ரெயின்கோட் வாலை மடிச்சு உக்காந்துட்டுத்தான் கிளம்பறது.

ஃப்ளோரசன்ட் ஜாக்கெட் போட்டா போதுமா? என்ன கலர் டிரஸ் நல்லது?

இது நிறைய பேர் ஏமாற இடம். அந்த பளீர் மஞ்ச, பளீர் ஆரஞ்சு துணி எல்லாம் சூரிய வெளிச்சத்துல இருக்கற புற ஊதாக் கதிரை வாங்கி கண்ணுக்கு தெரியற வெளிச்சமா மாத்தும், அதனாலதான் பகல்லயும் சாயங்காலமும் அப்படி ஜொலிக்குது. ராத்திரி அந்தக் கதிர் இல்ல, கார் ஹெட்லைட்லயும் பெருசா கிடையாது, அதனால அது வெறும் வெளிர் மஞ்ச சட்டை. ராத்திரிக்கு வேலை செய்யறது அந்த ஜாக்கெட்ல தெச்சிருக்கற சாம்பல் நிற பட்டைதான், வெளிச்சம் பட்டா வெள்ளையா மின்னுமே அது. பட்டை இல்லாத ஜாக்கெட்டுனா பகலுக்கு மட்டும்.

சிவப்பு சட்டை போட்டா நல்லா தெரியும்னு நினைக்கறவங்களும் இருக்காங்க. வெளிச்சம் குறைய குறைய முதல்ல கறுத்துப் போற கலர் சிவப்புதான். இருட்டுல வேலை செய்யற கண் செல்லுங்களுக்கு சிவப்பு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது, 19ம் நூற்றாண்டுலயே புர்கின்யேங்கற செக் விஞ்ஞானி இதை கவனிச்சு எழுதியிருக்கார். அப்ப டெயில் லைட் ஏன் சிவப்புன்னு கேப்பீங்க. அது தானா எரியற வெளிச்சம், துணி மாதிரி அடுத்தவங்க வெளிச்சத்தை நம்பி இல்ல. அதோட சிவப்புன்னா பின்பக்கம், வெள்ளைன்னா முன்பக்கம்னு உலகம் பூரா பழகியிருக்கு, 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துலயே சைக்கிளுக்கு முன்னாடி வெள்ளை இல்ல மஞ்ச வெளிச்சம், பின்னாடி சிவப்புன்னு இருக்கு. அதனால தயவு செஞ்சு முன்னாடி சிவப்பு லைட்டு மாட்டாதீங்க, நாம அதே பக்கமா போறோம்னு எதிர்ல வர்றவர் நினைச்சிடுவார்.

இப்ப முக்கியமான விஷயம், பட்டை எங்க இருக்கணும்? கணுக்கால்லயும் முட்டியிலயும். 1973ல குன்னார் ஜோஹான்சன்னு ஒரு ஸ்வீடன் உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆட்களோட மூட்டு மூட்டா சின்ன வெளிச்சப் புள்ளி ஒட்டி, இருட்டுல நடக்கறதை படம் எடுத்து காட்டினார். புள்ளிங்க அசையாம நின்னப்ப பாத்தவங்களுக்கு ஒண்ணும் புரியல, நடக்க ஆரம்பிச்ச உடனே இது மனுஷன்னு கண்டுபிடிச்சிட்டாங்க, உடம்பு துளி கூட தெரியாமலே. நெஞ்சுல இருக்கற பட்டை அசையாது, தூரத்துல இருந்து பாத்தா அது ரோட்டோர போர்டா கம்பமான்னு தெரியாது. கணுக்கால் பட்டை மேல கீழ, மேல கீழன்னு சுத்தும்போது பின்னாடி வர்றவர் மூளை யோசிக்காமலே சொல்லிடும், யாரோ பெடல் பண்றாங்கன்னு. பெடல்ல இருக்கற ஆரஞ்சு ரிஃப்ளெக்டரும் இதே வேலையை செய்யுது, அதை கழட்டிப் போட்டுடாதீங்க. பேன்ட் செயின்ல மாட்டாம இருக்க கட்டற அந்த பளபள பட்டைதான் இருக்கறதுலயே மலிவான, நல்ல பாதுகாப்பு, ரெண்டு கால்லயும் கட்டுங்க.

ஹெல்மெட்ல லைட்டு மாட்டலாமா?

கூடுதலா மாட்டலாம், அது மட்டும் வேண்டாம். தலையை திருப்பற பக்கம் வெளிச்சம் போறது திருப்பத்துல உதவும், பஞ்சர் ஒட்டும்போது ரொம்பவே உதவும். ஆனா நாம பேசறவங்க முகத்துலயே அடிக்கும், அதையும் பாத்துக்கணும்.

எதிர் வண்டி ஹை பீம் போட்டுட்டு வந்தா எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல, என்ன பண்றது?

முதல்ல வேகத்தை குறைங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம். லைட்டை நேரா பாக்காதீங்க, பாக்கத்தான் தோணும். நீங்க போற பக்கத்து ரோட்டு ஓரக் கோட்டை பாத்துட்டே ஓட்டுங்க, கோடு இல்லைன்னா தார் முடியற ஓரத்தை. அந்த ஒரு சில செகண்டு கடந்துட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க, உண்மையான ஆபத்து வண்டி தாண்டிப் போன பிறகுதான். கண்ணு இருட்டுக்கு முழுசா பழக அரை மணி நேரம் வரைக்கும் ஆகும், ஒரு ஹை பீம் அதுல பெரும் பகுதியை ஒரே நொடியில அழிச்சிடும். வண்டி போன அடுத்த சில செகண்டு நீங்க ஓட்டறது பாதி குருட்டுத்தனமாத்தான், முன்னாடி குழி இருந்தா அப்பத்தான் இறங்கும். அதனால வேகத்தை உடனே ஏத்தாதீங்க.

மூக்குக்கண்ணாடி போடறவங்க அதை கிளம்பும்போது தொடைச்சிக்கோங்க, கண்ணாடில கைரேகை இருந்தா ஒவ்வொரு லைட்டும் பூவா விரியும். கண்ணாடி போடாதவங்களும் கலர் இல்லாத சாதா கண்ணாடி ஒண்ணு போட்டுக்கலாம், ராத்திரி பூச்சி எல்லாம் லைட்டை பாத்துத்தான் வரும், கண்ணுல விழுந்தா ஹேண்டில் ஆடிடும்.

எவ்ளோ வேகத்துல போகலாம்?

உங்க லைட்டு காட்டற தூரத்துக்குள்ள உங்களால நிறுத்த முடியற வேகம். 25 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 7 மீட்டர். கண்டு பிரேக் பிடிக்கறதுக்குள்ள 10 மீட்டர், நிக்க இன்னும் 6 மீட்டர், ஆக 16. ஈர ரோட்ல 20ஐ தாண்டிடும். உங்க லைட்டு 10 மீட்டர்தான் காட்டுதுன்னா 25ல ஓட்டறது, கண்ணை மூடிட்டு ஓட்டற மாதிரி. 15க்கு இறங்கிடுங்க.

ரோட்ல எந்த இடத்துல ஓட்டறது? ஓரமா ஒதுங்கினா பாதுகாப்பு தானே?

ரொம்ப ஓரம் போகாதீங்க. மண்ணு, கண்ணாடித் துண்டு, உடைஞ்ச தார் எல்லாம் அங்கதான் சேரும், அது தெரிஞ்ச உடனே சடார்னு உள்பக்கம் வெட்டுவீங்க, பின்னாடி வர்றவருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. ஓரத்துல இருந்து ஒரு முக்கால் மீட்டர் விட்டு நேர் கோட்டுல ஓட்டுங்க. நிறுத்தியிருக்கற காருங்களை தாண்டும்போது ஒரு கதவு அகலம் விடுங்க, உள்ள ஆள் இருக்கறது ராத்திரி தெரியாது.

பெரிய லாரி, பஸ் பக்கத்துல சிக்னல்ல போய் நிக்காதீங்க. உங்க மேல எத்தனை லைட்டு எரிஞ்சாலும் அவர் கண்ணாடில விழாத இடம்னு ஒண்ணு இருக்கு. பின்னாடியே நில்லுங்க. குறுக்கு ரோட்ல கார் நின்னா டிரைவர் முகம் உங்க பக்கம் திரும்புதான்னு பாருங்க, ராத்திரி முகம் தெரியலைன்னா அவர் பாக்கலைன்னே வெச்சுக்கிட்டு பிரேக் மேல விரலை வெச்சிட்டு போங்க.

பேட்டரி லைட்டா, டைனமோவா?

தினமும் ஓட்டறவங்களுக்கு சக்கரத்தோட நடு அச்சுலயே இருக்கற ஹப் டைனமோதான் என் சாய்ஸ். 6 வோல்ட், 3 வாட் தரும், இன்னிக்கு எல்இடிக்கு அது தாராளம், சார்ஜ் போட மறந்துட்டேன்ங்கற பேச்சே இல்ல. நின்னா அணைஞ்சிடுமேன்னு கவலைப்படறவங்க, நின்ன பிறகும் சில நிமிஷம் எரியற மாதிரி சேமிச்சு வெக்கற லைட்டா பாத்து வாங்குங்க, சிக்னல்ல நிக்கும்போது அது ரொம்ப முக்கியம். எப்பவாவது ஓட்டறவங்களுக்கு யூஎஸ்பில சார்ஜ் ஏத்தற லைட்டு போதும். ரொம்ப குளிர் நாள்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. மழைக்கு டப்பா மேல ஐபிஎக்ஸ்4ன்னு இருந்தா தெறிக்கற தண்ணி தாங்கும், ஐபிஎக்ஸ்7ன்னா ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம் முங்கினாலும் தாங்கும்.

ஃபோன் டார்ச்சை மாட்டிட்டு ஓட்டலாமா?

வேண்டாம். வெளிச்சம் பரவிப் போயிடும், ரோட்ல எதுவும் தெரியாது, வழியில ஏதாவது ஆச்சுன்னா கூப்பிட சார்ஜும் இருக்காது.

பாட்டு கேட்டுட்டு ஓட்டலாமா?

ராத்திரி கூடாது. கண்ணுக்கு கிடைக்கற தகவல் பாதியா குறைஞ்சு போன நேரத்துல பின்னாடி வர்ற வண்டி வேகம் குறைக்குதா இல்லையான்னு காதுதான் சொல்லும். அந்த லாரி டயர் சத்தம் எனக்கு கேட்டதாலதான் நான் ஹேண்டிலை ஆட்டாம நேரா பிடிச்சேன்.

பகல்லயும் லைட்டு போடணுமா?

போடுங்க. டென்மார்க்ல ஓடென்ஸ நகரத்துல 2004-05ல சுமார் 4000 பேரை வெச்சு ஒரு சோதனை நடந்துச்சு, பாதிப் பேருக்கு சக்கரம் சுத்தினாலே எந்நேரமும் எரியற லைட்டு குடுத்தாங்க. அவங்களுக்கு காயம்பட்ட விபத்து 19 சதவீதம் கம்மி. விடியறப்பவும் பொழுது சாயறப்பவும் ஒரு மாதிரி மங்கலா இருக்குமே, அப்ப கண்டிப்பா போடுங்க, லைட்டு தேவையா இல்லையான்னு யோசிக்கற நேரமே போட வேண்டிய நேரம்.

நடு வழியில லைட்டு அணைஞ்சிட்டா, இல்ல பஞ்சர் ஆயிட்டா?

ரோட்டை விட்டு முழுசா இறங்குங்க, தார் ஓரத்துல நின்னு பாக்கற வேலையே வேண்டாம். பின் லைட்டு எரிஞ்சா அதை அணைக்காம, வண்டி வர்ற திசையை பாத்து வெச்சிட்டு அப்புறம் வேலையை ஆரம்பிங்க. பையில ஒரு சின்ன பட்டன் பேட்டரி லைட்டு வெள்ளை ஒண்ணு சிவப்பு ஒண்ணு எப்பவும் கிடக்கட்டும், தீப்பெட்டி அளவுதான் இருக்கும், ரப்பர் பட்டையில ஹேண்டில்ல மாட்டிக்கலாம். அதுவும் இல்லைன்னா ஏறி ஓட்டாதீங்க. இறங்கி தள்ளிட்டே, நடைபாதை இருந்தா அது மேல, இல்லைன்னா எதிர்ல வர்ற வண்டி உங்க கண்ணுக்கு தெரியற பக்கமா நடங்க, வீட்டுக்கு ஃபோன் பண்ணி எந்த ரோட்ல நடந்து வர்றீங்கன்னு சொல்லிடுங்க.